நாலாவது கேள்வி

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று அப்பாவிடம் நான் சொல்லாதது: "நீங்களே இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர் இல்லையே, அப்பா."

நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலிகளை மடக்கப் போய்விட்டேன்.

மழையில் ஒருவன் வந்து வாசலில் நின்றான். பெயர் ரோடெல். முப்பது வயது இருக்கலாம். தோளில் ஒரு பை, அவ்வளவுதான். மால்டாவில் பார்த்த வேலை போய்விட்டது, மிலான் வந்து மூன்று நாள் ஆகிறது, சொந்த நாட்டில் லீபா நகரக் கல்லூரியில் படித்தபோது இதே மாணவர் சங்கத்தில் சேர்ந்தவன், பத்து நாளைக்கு ஒரு கட்டில் கிடைத்தால் போதும் என்றான்.

எங்கள் முன்னறையில் அப்போது பதினெட்டுப் பேர். ஆறு நாள் யார் வீட்டுத் தரையையோ துடைத்து, யார் வீட்டுக் கிழவரையோ குளிப்பாட்டிவிட்டு, ஏழாம் நாள் இங்கே வந்து ஒருவரையொருவர் 'பிராட்', அதாவது சகோதரா, என்று தோளில் அறைந்துகொள்ளும் ஐம்பது வயது ஆண்கள். அப்பா இந்தக் கட்டடத்தின் வாயிற்காவலர். அதனால் கீழ்த்தளத்தில் எங்களுக்கு இரண்டு அறை. அதனால் சங்கத்தின் மிலான் கிளைக்கு ஓர் அலுவலகம். அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே கிடையாது.

கிளைத் தலைவரும் அப்பாதான். எழுந்து போய்க் கேள்விகளைக் கேட்டார். எந்தக் கிளை? எந்த வருஷத்துக் குழு? உன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனவர் யார்? மூன்றுக்கும் அவன் தடங்கலில்லாமல் பதில் சொன்னான்.

"சரி. நாலாவது. சங்கத்துல சேத்துக்கற அன்னிக்குக் கடைசி அடி விழுந்தப்புறம் எல்லாரும் ஒரே பாத்திரத்துல கையை விட்டு என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சி."

முன்னறை முழுக்கச் சிரித்தது. விடை லோமி. கெட்டிக் குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ். எங்கள் முன்னறையில் அது வேதம்.

"மூணு வரைக்கும் நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கே தம்பி," என்றார் அப்பா. "போய்ட்டு வா."

செயலாளர் ஃபெர்மின் மாமா அதற்குள் அவனைப் படம் பிடித்துச் சங்கத்தின் கைபேசிக் குழுவில் போட்டுவிட்டார்: 'போலி. யாரும் சேர்க்க வேண்டாம்.' ரோடெல் மழையைப் பார்த்தான், பையை மறுதோளுக்கு மாற்றினான், போய்விட்டான்.

பிப்ரவரி 12, திங்கள்

தூக்கம் இல்லை. எழுதியாவது வைக்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அம்மா சொல்லித் தெரியும். பாத்திரம் துடைத்துக்கொண்டே, ஏதோ பால் பொங்கிப்போன விஷயம் போலச் சொன்னாள். "உங்க அப்பா எந்தக் காலேஜுக்குடி போனார்? காலேஜுக்குப் பின்னாடி லோமிக் கடையில நின்னார்."

பத்தாங்காஸ் நகரத்தில், எண்பத்தேழிலிருந்து தொண்ணூறு வரை. சங்கத்துப் பையன்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். புதியவர்களை அடித்துச் சேர்க்கும் கடைசி நாளில் ஓர் அண்டா லோமி கேட்பார்கள். அப்பா தூக்கிக்கொண்டு போவார், வைப்பார், நின்று பார்ப்பார். அவர்கள் பாட்டு, கைச் சைகை, உறுதிமொழி எல்லாம் அப்படிக் காதிலும் கண்ணிலும் விழுந்தவை.

தொண்ணூற்றொன்றில் இந்த ஊர் ரயில் நிலையத்தில் நான்கு நாள் படுத்திருந்திருக்கிறார். ஐந்தாம் நாள் யாரோ ஒருவர், நம் ஊர் முகம், கடந்து போகும்போது அந்தச் சைகையைக் காட்டினார். அப்பாவின் கை தானாக எழுந்து பதில் காட்டியதாம். அன்று ஒரு கட்டில் கிடைத்தது.

அவ்வளவுதான் அந்தப் பொய். ஒரு கட்டில் நீளம்.

பிறகு அவர் என்னென்ன செய்தார் என்று எழுத இந்த நோட்டுப் போதாது. காவல் தலைமையகத்தில் விடியுமுன் வரிசையில் நின்று எத்தனை பேருக்கு இருப்புரிமைச் சீட்டு. இறந்துபோன மூன்று பேரை ஊருக்கு அனுப்பிவைத்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் இந்தக் கிளையையே தொடங்கியது. போலிகளைப் பிடிக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடன் கையில் சாவி என்று சொல்லமாட்டேன், அவர் திருடன் இல்லை. ஆனால் ஏன் இத்தனை கறார்? தன் பயத்தையா அடுத்தவனிடம் சோதிக்கிறார்?

பிப்ரவரி 15, வியாழன்

நூலகத்தில், நான் வேலை பார்க்கும் மேசைக்கு எதிரே, சூடேற்றியின் பக்கத்தில் ரோடெல். கைபேசிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழப் போனான்.

"உக்காருங்க," என்றேன். "இது அப்பா வீடு இல்ல. இங்க கேள்வி கேக்கமாட்டாங்க."

"ஒண்ணு கேட்டாங்க மிஸ். உறுப்பினர் அட்டை இருக்கான்னு."

சிரித்துவிட்டேன். எங்கே தூங்குகிறான் என்று கேட்டேன். கைபேசியின் கம்பியைச் சரிசெய்தான். கொஞ்சம் கழித்து அவனே சொன்னான்: "கஞ்சிதான் மிஸ். எங்க லீபாவுல கஞ்சிதான் குடுத்தாங்க. உப்புக்கூட இல்ல. லோமி சாப்பிட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

இவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர்கள் விடையைத் தெரிந்துகொண்டல்லவா வருவார்கள்?

அம்மாவிடம் சொன்னேன். ஒரே தொலைபேசி அழைப்பில் அவள் தோழி வீட்டில் கட்டில் தயார். "உங்க அப்பாகிட்ட மூச்சு விடாதே. இந்த ஊர்ல கேள்வி கேக்காம கட்டில் குடுக்கறது பொம்பளைங்க மட்டும்தான்."

மார்ச் 3, ஞாயிறு

சங்கத்தை முறையாகப் பதிவு செய்யப் போகிறார்களாம். விதிகளை இத்தாலியில் எழுத வேண்டும். யார்? நான்தான். இத்தனை புத்தகம் படிக்கிறாளே, இதை எழுதமாட்டாளா.

அப்பாவின் பழைய நோட்டிலிருந்து, அவர் கையெழுத்திலிருந்தே மொழிபெயர்த்தேன். விதி நான்கு: 'உறுதி செய்யப்படாதவர் எவராயினும், எத்தனை காலம் உடன் இருந்தவராயினும், பெயர் நீக்கப்படுவார். கூட்டத்தில் அமரக் கூடாது.'

எத்தனை காலம் உடன் இருந்தவராயினும். இதை எழுதும்போது இவர் தன்னை நினைக்கவில்லையா?

நல்ல இத்தாலியில் எழுதிக் கொடுத்தேன். என் கைக்கு வந்த வேலையில் குறை வைக்கமாட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

பதினைந்தாம் ஆண்டு விழாவுக்கான பேனர் வந்தது. நாலு மீட்டர். சங்கத்தின் மூன்று கிரேக்க எழுத்துகளில் கடைசி எழுத்து தலைகீழ். பதினெட்டுப் பேர் பார்த்து, "அழகா இருக்குல்ல பிராட்" என்றார்கள். நானும் சொல்லவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

விழாவுக்கு ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறாராம். வெனான்சியோ, வக்கீல், எண்பத்தெட்டாம் வருஷக் குழு. பத்தாங்காஸ் நகரக் கல்லூரி. அதே கல்லூரி. ஃபெர்மின் மாமா கடிதத்தைப் படித்துவிட்டு ஆடவே தொடங்கிவிட்டார். "நிக்கானோர் பிராட், உங்க காலேஜ்! ஒருவேளை உங்களுக்குத் தெரிஞ்சவரா இருப்பார்!"

"இருக்கும்," என்றார் அப்பா. பிறகு குப்பைத் தொட்டிகளை வெளியே வைக்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டி வராது.

விழா மலருக்கு அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பும் நான்தான் எழுதினேன். பொய் ஒரு வார்த்தை இல்லை: 'நிக்கானோர் மாக்சினோ, 1991 முதல் மிலானில். இந்தக் கிளையைத் தொடங்கியவர்.'

"எந்த வருஷக் குழுன்னு போடலியேம்மா மயூமி?" — ஃபெர்மின் மாமா.

"இடம் பத்தலை மாமா."

"ரெண்டு எழுத்துதானே, எட்டு, ஒம்பது…"

"இடம் பத்தலைன்னா பத்தலை."

அப்பா தலை நிமிரவில்லை. "விடு ஃபெர்மின். பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முதல் முறையாக நாங்கள் இருவரும் சேர்ந்து பொய் சொன்னோம். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

அப்பா அஞ்சல் பெட்டிகளில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"விழாவுக்குச் சாப்பாடு வெளியில சொல்லிடலாம்பா. லோமி வேண்டாம்."

"ஏன்?"

"அந்த வக்கீல் உங்க கடையில சாப்பிட்டவர்."

மூன்றாம் மாடிக்காரர் கடிதத்தை இரண்டாம் மாடிப் பெட்டியில் போட்டார். விரலை விட்டுத் திரும்ப எடுக்கப் பார்த்தார், வரவில்லை. "கடைக்கு ஒரு நாளைக்கு இருநூறு பேர் வருவாங்க. கிண்ணத்தைப் பார்ப்பாங்க. நீட்டற கையை யார் பார்த்தா?"

"பார்த்திருந்தா?"

"லோமி இல்லாம ஆண்டு விழாவா? பதினஞ்சு வருஷமா நான்தானே போடறேன்."

"அப்பா, ஏதாவது ஒரு வருஷம் கேட்டரிங்காரன் போட்டா உலகம் முழுகிடாது!"

"முழுகாது," என்றார். "ஆனா நல்லா இருக்காது."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடிபடக் கூடாது என்று முப்பத்து மூன்று வருஷம் பயந்தவர். பிடிபட எல்லா ஏற்பாட்டையும் தன் கையாலேயே செய்கிறார். குழம்பு நன்றாக இருக்க வேண்டுமாம்!

ஏப்ரல் 21, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தேவாலயத்து மண்டபம். எண்பது பேருக்கு மேல். மேடையில் தலைகீழ் எழுத்து. வக்கீல் வெனான்சியோ நல்ல மனிதர், எல்லாரிடமும் கை கொடுத்தார், சிஸ்டர் சிஸ்டர் என்று அம்மாவிடம் ஊர் மழை பற்றிப் பேசினார். தலைவர் எங்கே என்று கேட்டார். "சமையல்கட்டுல சார், இதோ வந்துடுவார்," என்றார் ஃபெர்மின் மாமா. "எங்க தலைவர் கையால லோமி."

சமையல்கட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவே பரிமாறும் திறப்பு. வக்கீல் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். யாரோ கரோக்கியில் பாட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா முதல் கிண்ணத்தை ஊற்றினார். ஈரல், நூடுல்ஸ், மேலே நொறுக்கிய பன்றித்தோல் வறுவல். கிண்ணத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்தார். துடைத்துவிட்டுக் கரண்டியால் அண்டாவின் வாயில் இரண்டு முறை தட்டினார். டக் டக்.

வீட்டில் எப்போதும் தட்டுவார். சாப்பிட வா என்று அர்த்தம். எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று ஒருநாளும் யோசிக்கவில்லையே நான். லோமியை நிறுத்தப் பார்த்தேன். கையை மறந்துவிட்டேன்.

வக்கீல் பேச்சைப் பாதியில் விட்டுத் திரும்பினார்.

"டேய்! லோமி!" என்று கத்தினார். "நிக்! லோமி நிக்! நீயாடா!" ஓடிப்போய்த் திறப்புக்குள் உடம்பை நுழைத்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "இந்தச் சத்தத்துக்கு வகுப்புல உக்காந்து காதைத் தீட்டிட்டு இருப்போமேடா! உன்னைச் சமைக்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தாங்க? பிரமாதம் பிராட்ஸ், பிரமாதமான காரியம் பண்ணீங்க!"

அப்பா கரண்டியோடு நின்றார். "ஆமா வக்கீல் சார். சமைக்கத்தான்."

ஃபெர்மின் மாமா குரல் கிணற்றிலிருந்து வந்தது. "சார்… இவர்தான் எங்க தலைவர்."

வக்கீல் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார். "அப்படியா? எந்த வருஷக் குழுடா நீ?" கேட்டு முடித்தபிறகுதான் யாரும் சிரிக்கவில்லை என்று கவனித்தார். கரோக்கி இயந்திரம் ஆள் இல்லாமல் மெட்டை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

"எந்தக் குழுவும் இல்ல," என்றார் அப்பா. "அண்டாவைத் தூக்கிட்டு வருவேன். வச்சுட்டுப் போடான்னு சொல்வீங்க. நான் போகாம வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்ப்பேன்."

யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள், கோபமாகத்தான்: "அப்ப எங்களைக் கேட்ட நாலாவது கேள்வி?"

"நாலாவதா?" வக்கீல் விழித்தார். "கேள்வி மூணுதானே?" விளக்கினார்கள். அவர் தலையை ஆட்டினார். "லோமி எங்க காலேஜ்ல மட்டும்தான்ப்பா. பின்னாடி இவன் கடை இருந்துச்சு, அதனால லோமி. ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொண்ணு. லீபாவுல கஞ்சி."

பிடிபட்டபோது மாறாத அப்பாவின் முகம் அந்தச் சொல்லில் மாறியது. கரண்டியைக் கீழே வைத்தார்.

இதற்குப் பிறகும், எழுதவே எரிச்சலாக இருக்கிறது, ஒருவர் விடாமல் அண்டாவைச் சுரண்டித் தின்றார்கள். சிலர் இரண்டாம் கிண்ணம்.

ஏப்ரல் 22, திங்கள்

அப்பா காலை ஐந்தரைக்குப் படிக்கட்டு துடைத்தார். பிறகு மறுபடியும் மேலிருந்து துடைத்தார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று வாக்கெடுப்பு. எங்கே? வேறு எங்கே, எங்கள் முன்னறையில். நாற்காலிகளைப் போட்டுக் கொடுத்துவிட்டு அப்பா முற்றத்துக்குப் போய்விட்டார். விதி நான்கு, கூட்டத்தில் அமரக் கூடாது. நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வக்கீல் ஊர் போவதற்கு முன் ஒரு வழி சொல்லியிருந்தார்: கௌரவ உறுப்பினர் ஆக்கிவிடலாம். ஃபெர்மின் மாமா முற்றத்துக்குப் போய் அப்பாவிடம் கேட்டார். எனக்கு ஜன்னல் வழியே கேட்டது.

"பதினாலு பேரை இந்த வாசல்ல நிக்க வச்சுத் திருப்பி அனுப்பியிருக்கேன் ஃபெர்மின். அதுல எத்தனை பேர் நிஜம்னு தெரியாது. எனக்கு மட்டும் எதுக்கு கௌரவம்? விதியைப் படி."

"விதியை நீங்கதானே எழுதினீங்க!"

"அதான் சொல்றேன். படி."

படித்தார்கள். வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். பெயரை நீக்கப் பத்தொன்பது கை. வேண்டாம் என்று பதினொன்று. ஃபெர்மின் மாமா அழுதுகொண்டே நீக்கத்தான் கை தூக்கினார். அந்த ஆளுக்காக அப்பா ஜனவரிக் குளிரில் மூணு விடியற்காலை வரிசையில நின்னார்! அழறாராம், கையையும் தூக்கறாராம். என்ன மனுஷங்க இவங்க? அடி வாங்கினவன் சகோதரன், சோறு போட்டவன் சமையல்காரனா? நம்ம வீட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டு!

அம்மா மட்டும் கலங்கவில்லை. காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் நடுவில் நின்று சொன்னாள்: "அவர் வாங்காதது உங்க கட்டை அடி மட்டும்தான். மத்ததெல்லாம் இங்க வந்து வாங்கிட்டார். கோப்பையை அவங்கவங்களே கழுவி வச்சுட்டுப் போங்க."

கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

மே 2, வியாழன்

அப்பா நூலகத்துக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புத்தகங்கள் தன்மேல் விழுந்துவிடும் போல நடுவில் நின்றார்.

"அந்தப் பையன் இங்கதான் வருவானாமே. அம்மா சொன்னா."

ஆக அம்மாவுக்கு மூச்சு விடத் தெரியும். ரோடெல் சூடேற்றியின் பக்கத்து இடத்திலேயே இருந்தான். இப்போது ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான், வியாழன் மதியம் விடுமுறை.

அப்பா எதிரே உட்கார்ந்தார். தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"கஞ்சி," என்றார். "உப்புப் போட்டா, போடாமலா?"

"போடாம."

"இஞ்சியாவது?"

"ஒண்ணுமே இல்ல அண்ணே. சுடுதண்ணியில அரிசி."

"அது யாருப்பா சமைச்சது, ச்சே." உண்மையான வருத்தம் அவர் குரலில். பிறகு, "தப்பான கேள்வி கேட்டுட்டேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். வேலிக்கு இந்தப் பக்கத்துலேருந்து அதுதான் தெரிஞ்சுது."

ரோடெல் உடனே மன்னிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "அன்னிக்கு ரயில் நிலையத்துலதான் படுத்தேன்," என்றான்.

"எந்தப் பக்கம்?"

"இருபத்தொண்ணாவது நடைமேடைப் பக்கம்."

"அங்க காத்து அடிக்கும்," என்றார் அப்பா. "நான் நாலு நாள் படுத்திருக்கேன்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மூடும் நேரம் வந்ததும் நான்தான் எழுப்பினேன்.

மே 12, ஞாயிறு

வக்கீல் லீபாவுக்குப் பேசி உறுதிப்படுத்திவிட்டாராம். ரோடெல் நிஜம். ஃபெர்மின் மாமா குழுவில் 'வருக பிராட் ரோடெல்' என்று போட்டிருக்கிறார், அதே மழைப் படத்தோடு. வேறு படம் இல்லையாம்.

புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் பேசினார்கள். முடிவாகவில்லை.

மே 19, ஞாயிறு

கூட்டம் எங்கள் முன்னறையில். மண்டபத்துக்கு அனுமதி வாங்க விண்ணப்பம் எழுத வேண்டும், அதை நான் எழுதவில்லை. கேட்டார்கள், நேரமில்லை என்றேன்.

ரோடெலுக்கு இது முதல் கூட்டம். உள்ளே அவன், ஜன்னலோர நாற்காலியில். வெளியே முற்றத்தில் அப்பா, அடுப்பும் அண்டாவுமாக. யாரும் அவரைச் சமைக்கச் சொல்லவில்லை. இரண்டாம் மாடி இத்தாலிய அம்மாள் எட்டிப் பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, ஞாயிற்றுக்கிழமை," என்றார்.

ஆறு தீர்மானங்கள் நிறைவேறின. ஏழாவது, தலைவர் தேர்தல். ஃபெர்மின் மாமா எழுந்து தொண்டையைச் செருமினார்.

முற்றத்தில் டக் டக்.

ஃபெர்மின் மாமா காதில் விழாதது போல வாசிக்கத் தொடங்கினார். ரோடெல் எழுந்து வெளியே போனான். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். கடைசியில் காகிதமும் கையுமாக ஃபெர்மின் மாமா மட்டும் நின்றார். என்னைப் பார்த்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவரும் போய் வரிசையில் நின்றார்.

ஏழாவது தீர்மானம் இன்றும் முடிவாகவில்லை.